லாங்கே குன்றுகளில் இரண்டு சைக்கிள்கள்

2024 செப்டம்பர் 27, வெள்ளி. ஆல்பா

கணவர் செல்வாவுக்கு அலுவலகம் மூன்று மணிக்கு முடிந்தது. டூரினின் லிங்கோட்டோ நிலையத்தில், லாங்கே ஒயின் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் ஆல்பாவுக்கு ரயிலைப் பிடித்தோம். பிராந்திய ரயில் என்பதால் சைக்கிளுக்குத் தனிச்சீட்டு வாங்கி ஏற்றிக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். வடமேற்கு இத்தாலியின் டூரினில் குடியிருந்துகொண்டு இத்தனை பக்கத்தில் இருக்கும் ஊருக்கு இதுவரை வராதது ஏன் என்று தெரியவில்லை.

பயண ஒப்பந்தம் இதுதான். அவர் ஒயின் குடிப்பார், மோட்டார் வைத்த மின்சைக்கிளில் வருவார். நான் குடிக்க மாட்டேன், கியர் சைக்கிளை மிதிப்பேன். குடிக்காதவளுக்கு ஒயின் நாட்டில் என்ன வேலை என்று டூரின் தோழி ஒருத்தி கேட்டாள். கொடியைப் பார்க்கப் போகிறேன் என்றேன். நான் கம்பத்துக்காரி. அப்பாவுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. கவாத்து, மருந்து, வியாபாரி என்ற மூன்று சொற்களைக் கேட்டே வளர்ந்தவள்.

ஆல்பாவில் இறங்கியதும் முதலில் வந்தது ஒயின் வாசனை இல்லை, வறுத்த ஹேசல்நட் வாசனை. ஃபெர்ரேரோ ஆலை ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1946இல் தொடங்கிய நிறுவனம். நுடெல்லா 1964இல் இங்கேதான் பிறந்தது. போருக்குப் பிறகு இந்தக் குன்றுகள் கடும் வறுமையில் கிடந்தன. ஆட்கள் டூரின் கார் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஃபெர்ரேரோ கிராமங்களுக்குப் பேருந்து விட்டது. காலையில் ஆலைக்கு வந்து மாலையில் தோட்டத்துக்குத் திரும்பலாம், நிலத்தை விட்டுப் போக வேண்டியதில்லை. இன்று உலகம் முழுக்கப் பணக்காரர்கள் தேடும் ஒயின் பிழைத்துக் கிடந்ததில் அந்தப் பேருந்துகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இரவு உணவுக்கு தாயரின். முட்டை மஞ்சள்கருவை அள்ளிக் கொட்டிப் பிசைந்து, நூலாக நறுக்கிய பாஸ்தா. வெண்ணெயும் சேஜ் இலையும் மட்டும் சேர்த்தது. இரண்டாவது தட்டும் சொன்னோம்.

செப்டம்பர் 28, சனி. பார்பரெஸ்கோ, நெய்வே

ஆல்பாவை விட்டு வெளியேறிய சில நிமிடங்களில் ஏற்றம் தொடங்கிவிட்டது. இங்கே சமவெளி என்ற ஒன்றே இல்லை. தானாரோ ஆறு கீழே கிடக்கிறது, ஊர்கள் எல்லாம் மேட்டின் தலையில். செல்வா ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போய் நின்று என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படங்கள் எதுவும் வெளியே வராது.

கொடிகளைப் பார்த்ததும் கண் பழகச் சற்று நேரம் ஆனது. பந்தல் இல்லை. எங்கள் ஊரில் தலைக்கு மேலே பந்தல், கீழே நிழல், அண்ணாந்து பார்த்தால் குலை. இங்கே கம்பி வேலி மாதிரி வரிசை. இடுப்புயரத்தில் குலை தொங்குகிறது, அதற்கு மேலே இலைச்சுவர். பறிப்பவர் குனிந்து நிற்க வேண்டும். வெயில் குறைந்த நாடு, கிடைக்கிற வெயிலை ஓர் இலையும் தவறவிடக் கூடாது. அதனால்தான் சரிவு தெற்கே பார்த்திருந்தால் அதற்குத் தனி மரியாதை. குளிர்காலத்தில் பனி எங்கே முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோ என்ற கருந்திராட்சையை நடு என்பது பழைய கணக்கு. வடக்குச் சரிவில் ஹேசல்நட் மரங்கள், அடிவாரத்து ஈரத்தில் பாப்லர். வரைபடத்தைப் பார்க்காமலே விலை உயர்ந்த நிலம் எது என்று சொல்லிவிடலாம்.

பார்பரெஸ்கோவில் நான் பார்க்க நினைத்தது கோபுரத்தை அல்ல, தேவாலயத்துக்கு எதிரில் இருக்கும் கூட்டுறவுக் கிடங்கை. 1894இல் ஆல்பா ஒயின் கல்லூரியின் தலைவர் தொமீட்சியோ கவாட்சா 9 விவசாயிகளைச் சேர்த்து இந்த ஊரில் முதல் கூட்டுறவைத் தொடங்கினார். அது பாசிச ஆட்சிக் காலத்தில் மூடிப்போனது. 1958இல் ஊர்ப் பாதிரியார் ஃபியோரீனோ மாரெங்கோ 19 விவசாயிகளைக் கூட்டி மறுபடியும் தொடங்கினார். முதல் சில வருடங்கள் ஒயின் செய்தது தேவாலயத்தின் அடித்தளத்தில். இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். நல்ல வருடங்களில் ஒவ்வொரு நிலத்தின் பழத்தையும் தனித்தனியாக வைத்து, நிலத்தின் பெயரை லேபிளில் போட்டு விற்கிறார்கள்.

கூட்டுறவு வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று கிடங்கில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். அவருடைய அப்பா பழத்தை வண்டியில் ஏற்றி ஆல்பா சதுக்கத்துக்குப் போவாராம். தரகர்கள் காலையில் எட்டிப் பார்ப்பதோடு சரி. பொழுது சாயும்வரை வாங்க மாட்டார்கள். பறித்த பழத்தைத் திருப்பி எடுத்துப் போக முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் அவர்கள் சொன்னதுதான் விலை.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. கம்பத்தில் வியாபாரி பந்தலுக்கடியிலேயே வந்து நிற்பார், அதுதான் வித்தியாசம். "மழை வரும்போல இருக்குண்ணே" என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே விலை சொல்வார்.

செல்வா மூன்று கிண்ணம் ருசி பார்த்தார். மூன்றாவதைத் துப்பவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். இத்தாலியில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற மது வரம்பு சைக்கிள்காரருக்கும் பொருந்தும். அவரை அரை மணி நேரம் திண்ணையில் உட்கார வைத்து, பிறகுதான் நெய்வேக்குக் கிளம்ப விட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு. மாங்கோ வழியாக கனெல்லி

நெய்வேயிலிருந்து மாங்கோவுக்கு ஏற்றம். மாங்கோ என்பது ஊர்ப் பெயர். மாமரம் தேட வேண்டாம். சின்ன கியரில் போட்டுத் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். இந்த ஏற்றத்தில் நெபியோலோ முடிந்து மொஸ்காதோ என்ற வெள்ளைத் திராட்சை தொடங்குகிறது. இலையைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வரிசைகளில் பழமில்லாததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மொஸ்காதோ அறுவடை செப்டம்பரிலேயே முடிந்துவிடும். நெபியோலோ அக்டோபர்வரை கொடியிலேயே காத்துக் கிடக்கும்.

சான்டோ ஸ்டெஃபனோ பெல்போவுக்கு இறங்கும் வழியில் ஒரு பண்ணையில் தண்ணீர் கேட்டு நின்றோம். நடுவயதுப் பெண்மணி. திராட்சை விவசாயியின் மகள் என்று சொன்னதும் பேச்சு மாறிவிட்டது. கிடங்குக்குள் கூட்டிக்கொண்டு போனார். எஃகுத் தொட்டிகள் வியர்த்துக்கொண்டு நின்றன. மொஸ்காதோ செய்யும் முறை மற்ற ஒயின்களைப் போல இல்லை. பிழிந்த சாற்றை வடிகட்டி, கிட்டத்தட்ட பூஜ்ய டிகிரியில் உறங்க வைத்துவிடுகிறார்கள். தேவைப்படும்போது மூடிய அழுத்தத் தொட்டிக்கு மாற்றி நொதிக்க விடுவார்கள். ஆல்கஹால் ஐந்து சதவீதம் எட்டியதும் மறுபடி குளிர வைத்து நிறுத்துவார்கள். பாதி இனிப்பு அப்படியே நிற்கும், குமிழும் நிற்கும். வருடம் முழுக்கப் புதிதாகச் செய்யலாம். அழுத்தத் தொட்டி யோசனை 1895இல் ஃபெதெரீகோ மார்தினோத்தி என்பவருடையது.

"உனக்கு ஒயின் வேண்டாம் என்றால் இதைக் குடி" என்று நொதிக்காத சாற்றைத் தொட்டிக் குழாயிலிருந்து பிடித்துக் கொடுத்தார். மூக்கருகே கொண்டுபோனபோதே தெரிந்துவிட்டது. பன்னீர் திராட்சை. அதே பூவாசனை, ஆனால் இன்னும் கூர்மையாக.

இது என் ஏக்கத்தால் வந்த கற்பனை இல்லை, ரத்த சொந்தம்தான். எங்கள் பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் தாய் தந்தையரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாந்திரியா. அந்த அலெக்சாந்திரியாவைப் பெற்றதில் ஒன்று இங்கே தொட்டியில் இருக்கும் வெள்ளை மொஸ்காதோ. ஆக, இது எங்கள் தோட்டத்துக் கொடிக்குத் தாத்தா முறை, இல்லை பாட்டி முறை. கொடிகளில் அந்தக் கணக்கு எப்படியோ. செல்வா இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நான் இங்கே மாப்பிள்ளை" என்று இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டார்.

அந்தம்மா பணம் வாங்க மறுத்துவிட்டார். என் போனில் அப்பாவின் பந்தல் படத்தை நெடுநேரம் பார்த்தார். "நிழலில் நின்று பறிக்கிறீர்களா? கொடுத்துவைத்தவர்கள்" என்றார். வருடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட போகம் எடுப்போம் என்றதை மட்டும் அவர் நம்பவில்லை. குளிர்காலத்தில் கொடி உறங்காதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எங்களுக்குக் குளிர்காலமே கிடையாதே!

செப்டம்பர் 30, திங்கள். கனெல்லி

மழை. சைக்கிள்கள் விடுதிக் கொட்டகையில்.

ஊருக்கு அடியில் குடைந்த ஒயின் நிலவறைகளைப் பார்க்கப் போனோம். தரைக்கு அடியில் இருக்கும் பேராலயங்கள் என்று அழைக்கிறார்கள். செங்கல் வளைவுகள், கிடைத்தளமாக அடுக்கிய பாட்டில்கள், வருடம் முழுக்க மாறாத குளிர்ச்சி. கார்லோ கான்சியா பிரான்சில் ஷாம்பெய்ன் முறையைக் கற்றுவந்து 1865இல் இத்தாலியின் முதல் நுரைக்கும் ஒயினைச் செய்தது இந்த ஊரில்தான். 2014இல் யுனெஸ்கோ லாங்கே, ரொவேரோ, மோன்ஃபெர்ராதோ தோட்டங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது கனெல்லியையும் சேர்த்தது. வழிகாட்டி வேகமாகப் பேசினார். எனக்குக் குளிரெடுத்தது. நீண்ட தூக்கம் போட்டோம்.

அக்டோபர் 1, செவ்வாய். செர்ராலுங்கா

பயணத்திலேயே நீளமான நாள். வந்த வழியே ஆல்பாவுக்கு இறங்கி, மறுபக்கம் பரோலோ குன்றுகளுக்கு ஏறினோம். ஈரச்சாலை. டிராக்டர்கள் தோட்டத்துச் சேற்றைத் தார்ச்சாலையில் விட்டுப் போயிருந்தன. அது பழுப்பு இல்லை, நீலச் சாம்பல் நிற மண். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. குச்சியால் குத்தி எடுத்தேன்.

வழியில் கிரின்சானே கோட்டை. கவூர் இந்தச் சின்ன ஊருக்கு 17 வருடம் மேயராக இருந்திருக்கிறார். 1861இல் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் பிரதமர் ஆனவர், இருபத்திரண்டு வயதில் இங்கே வந்து தோட்டக் கணக்குப் பார்த்திருக்கிறார்.

செர்ராலுங்காவுக்கு ஏறும் முகட்டுச் சாலையில் மருந்து வாசனை அடித்தது. எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும் அந்த வாசனை. வரிசைக் கம்பங்களில் நீலக்கறை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை. அப்பாவின் சட்டைகள் எல்லாவற்றிலும் இதே கறை உண்டு. இந்த வருடம் வசந்தத்திலிருந்தே ஓயாத மழை, அடிச்சாம்பல் நோய் துரத்திக்கொண்டே இருந்தது என்று விடுதிக்காரர் புலம்பினார். தன் டிராக்டர் எத்தனை முறை தோட்டத்துக்குள் போனது என்ற கணக்கை விட்டுவிட்டாராம். அறுவடையும் தள்ளிப்போகிறது.

வரிசை முனைகளில் ரோஜாச் செடிகள். நோய் கொடிக்கு முன்னால் ரோஜாவைத் தொடும், அதை வைத்து உஷாராகலாம் என்பது பழைய நம்பிக்கை. இப்போதெல்லாம் படம் எடுப்பவர்களுக்காகத்தான் வைக்கிறோம் என்றார் அதே மனிதர்.

இரவில் ஒரு சிறிய கிண்ணத்தில் பரோலோ கினாத்தோ தந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜுசெப்பே கப்பெல்லானோ என்ற மருந்துக்கடைக்காரர் இந்தப் பகுதியில் உருவாக்கியது. பரோலோ ஒயினில் சிங்கோனா பட்டையும் மசாலாக்களும் ஊறப்போட்டது. நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தேன். பாட்டி வைக்கும் கஷாயத்தில் யாரோ சர்க்கரை போட்டுவிட்ட மாதிரி.

அக்டோபர் 2, புதன். மோன்ஃபோர்தே, பரோலோ

செர்ராலுங்காவிலிருந்து மோன்ஃபோர்தே பக்கத்தில்தான் தெரிகிறது. கைநீட்டினால் தொடலாம்போல. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது, அவ்வளவுதான். இறங்கியதை எல்லாம் திரும்ப ஏறினேன். ஒரு வளைவில் இறங்கித் தள்ளினேன். செல்வா படம் எடுக்கவில்லை. நல்ல மனிதர்தான்.

2014 ஜிரோ தி இத்தாலியா சைக்கிள் பந்தயத்தில் பார்பரெஸ்கோவிலிருந்து பரோலோவுக்கு 41.9 கிலோமீட்டர் தனிநேர ஓட்டம் வைத்தார்கள். கொலம்பியாவின் ரிகோபெர்தோ உரான் ஜெயித்து, பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கான இளஞ்சிவப்புச் சட்டையை வாங்கினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை அவருக்கு. நாங்கள் சனிக்கிழமை பார்பரெஸ்கோவில் இருந்தோம், புதன்கிழமை பரோலோ வந்து சேர்ந்தோம். உரான் வழியில் மொஸ்காதோ சாறு குடித்திருக்க மாட்டார்.

பரோலோ பள்ளத்தில் இருக்கும் சின்ன ஊர். கோட்டைக்குள் ஒயின் அருங்காட்சியகம் இருக்கிறது, கொஞ்சம் கண்காட்சித்தனம் அதிகம். என்னைக் கவர்ந்தது சட்டங்கள்தான். பரோலோ என்று லேபிள் ஒட்ட 11 ஊர்களின் நெபியோலோ மட்டுமே ஆகும். ஹெக்டேருக்கு எட்டு டன்னுக்கு மேல் பழம் எடுக்கக் கூடாது. 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். ரிசர்வா என்றால் 62 மாதம். எட்டு டன்! ஏக்கருக்கு மூன்று டன் சொச்சம். அப்பா வருடத்துக்கு ஏக்கருக்குப் பத்து டன்னைத் தாண்டுவார். இங்கே கோடையில் நல்ல குலையையே வெட்டி மண்ணில் போட்டுவிடுகிறார்கள், மிச்சமிருப்பதற்குச் சத்து ஏற வேண்டுமாம்.

சாயங்காலம் அப்பாவுக்கு வீடியோ அழைப்பு. வரிசைகளைக் காட்டினேன். குலையை வெட்டிப் போடுகிற கதையைச் சொன்னதும் "பாவம்ல அது" என்றார். நிலம் என்ன விலை என்று கேட்டார். நல்ல பரோலோ சரிவு ஹெக்டேர் பத்து லட்சம் யூரோவைத் தாண்டும். செல்வா மனக்கணக்குப் போட்டு, ஏக்கருக்கு மூன்றே முக்கால் கோடி ரூபாய்க்கு மேலே மாமா என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப அங்க யாரும்மா விவசாயம் பாக்குறது?"

நல்ல கேள்வி. இன்று நான் பார்த்த வரிசைகளில் கத்தரி பிடித்திருந்தவர்களில் பாதிப்பேர் மாசிடோனியாக்காரர்கள். 1990களிலிருந்து வருகிறார்கள், பலர் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். வாரிசுகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டால் வரி கட்டவே சிலர் விற்க வேண்டியிருக்கிறது, வாங்க வருபவர்கள் வெளியிலிருந்து பணத்தோடு வருகிறார்கள் என்று விடுதிக்கார அம்மா சொன்னார். தரகர் சொன்ன விலைக்குப் பழத்தை விற்ற தாத்தாவின் நிலம் பேரனால் வாங்க முடியாத விலைக்குப் போய்விட்டது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா சந்தோஷப்பட்டார். கிலோ விலையில் அது இன்னும் தெரியவில்லை என்பது வேறு விஷயம். ஊர்ப் பெயருக்கு விலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது யாருடைய பைக்குப் போகும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்போல.

அக்டோபர் 3, வியாழன். லா மோர்ரா

பரோலோவிலிருந்து லா மோர்ரா. 513 மீட்டர் உயரத்தில் ஊர். கால்கள் பழகிவிட்டன, இன்று எங்கும் இறங்கவில்லை.

பாதி ஏற்றத்தில் புருனாத்தே தோட்டத்துக்குள் வண்ணக் கிறுக்கலாய் ஒரு சிற்றாலயம். 1914இல் தோட்டத் தொழிலாளர்கள் ஆலங்கட்டி மழைக்கு ஒதுங்கக் கட்டியது. பூசை நடந்ததே இல்லை. 1999இல் சோல் லெவிட் என்ற கலைஞர் வெளியேயும் டேவிட் டிரெம்லெட் என்ற கலைஞர் உள்ளேயும் வண்ணம் தீட்டினார்கள். செல்வாவுக்குப் பிடித்தது. எனக்கு, மழைக்கு ஒதுங்கிய கூலிக்காரர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்றுதான் தோன்றியது.

மோன்ஃபல்லெத்தோ மேட்டில் ஒரு தேவதாரு மரம். 1856இல் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடி நட்டதாம். அதன் அடியில் ரொட்டியும் ரோபியோலாப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டோம். யார் கடைசித் துண்டைத் தின்றது என்று ஒரு சின்னச் சண்டை.

லா மோர்ரா கதைகளில் எனக்குப் பிடித்தது எலியோ அல்தாரேயுடையது. 1980களின் தொடக்கம். பிரான்சின் ஒயின் பகுதியான பர்கண்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த இளைஞர், அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துப் போட்டார். சின்ன புதிய ஓக் பீப்பாய்கள் வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி. அப்பா அவருக்குச் சொத்தே எழுதி வைக்கவில்லை. பீப்பாய்க்காகக் குடும்பமே உடைந்தது. சின்னப் பீப்பாய்க்காரர்கள், பெரிய பீப்பாய்க்காரர்கள் என்று ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டிருக்கிறது. இன்று பலர் மீண்டும் பெரியதற்கே திரும்பிவிட்டார்கள்.

ஊர்ச் சதுக்கத்துப் பார்வை மேடையிலிருந்து எல்லாம் தெரிகிறது. சாப்பாட்டுக் கடைக்காரர் தானாரோவுக்கு அந்தப் பக்கம் நார்சோலே இருக்கும் திசையைக் காட்டினார். 1986 மார்ச்சில் மெத்தனால் கலந்த மலிவு ஒயின் அங்கிருந்துதான் போனது. ஏறக்குறைய இருபது பேர் இறந்தார்கள். சிலருக்குக் கண் போனது. நான் சொல்லிவிட்டேன், இந்த ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இதே மெத்தனாலில் செத்தார்கள் என்று. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். இங்கே அதன்பிறகு சோதனைகள் இறுகின, மலிவாக நிறைய விற்பதைவிடக் குறைவாக நல்லதாக விற்பது என்று ஒரு தலைமுறையே மாறியது என்றார். எங்கள் ஊரில் செத்தவர்கள் ஒயின் வாங்கும் வசதி உள்ளவர்கள் இல்லை என்பதை அவருக்கு இத்தாலியனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி. ப்ரா

காலையில் மூடுபனி. வெர்தூனோ வரைக்கும் முன்சக்கரம் மட்டும்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு நீண்ட இறக்கம். பிரேக் பிடித்துப் பிடித்துக் கை வலித்தது.

ப்ராவில் சனிக்கிழமைபோலக் கூட்டம். துரித உணவுக்கு எதிரான ஸ்லோ ஃபுட் இயக்கத்தின் தலைமையகம் இந்த ஊரில். ஊர்ப் பெயரிலேயே பாலாடைக்கட்டியும் இருக்கிறது, முற்றியது காரசாரமாக இருக்கும். கால் கிலோ வாங்கினோம்.

நிலையத்துக்கு எதிரில் செல்வா பக்கப் பைகளைத் திறந்து மறுபடி அடுக்கினார். ஒரு பாட்டில் என்றவர் ஆறு வாங்கியிருக்கிறார். கனமான கண்ணாடி, எடுத்துப் பார்த்தேன், எட்டு கிலோவாவது இருக்கும். டூரினில் இறங்கி வீடுவரை ஐந்து கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்.

"நீ ரெண்டு எடுத்துக்கிறியா?" என்றார்.

"பேட்டரி யாருகிட்ட இருக்கு?" என்றேன்.